18,446,744,073,709,551,615: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதுரங்கப் பலகையில் அரிசி வைத்த கதையைக் கேட்டவர்களுக்கு இந்த எண்ணோடு ஏற்கெனவே அறிமுகம் உண்டு. அந்த அறிமுகம் பெரும்பாலும் "அடேயப்பா, எவ்வளவு பெரிது!" என்ற வியப்போடு முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், பெரிதாக இருப்பதுதான் இதன் குணங்களிலேயே மிகச் சாதாரணமானது. இதைவிடப் பெரிய எண் வேண்டுமானால் ஒன்றைக் கூட்டிக்கொண்டால் போயிற்று. இதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கிடைப்பவைதான் பேசத் தகுந்தவை. அவற்றைப் பற்றி மாணவர்களும் ஆசிரியர்களும் நிரல் எழுதுபவர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

இந்த எண்ணை வாயால் எப்படிச் சொல்வது?

நம் வழக்கப்படி காற்புள்ளி இட்டால் 1,84,46,74,40,73,70,95,51,615. மொத்தம் இருபது இலக்கங்கள். ஒரு கோடிக்கு ஏழு பூஜ்யம் என்பதால் வலப்பக்கத்திலிருந்து ஏழேழு இலக்கமாக வெட்டிக்கொள்ளுங்கள்: 184467 | 4407370 | 9551615. இப்போது படிக்கலாம்: ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. கோடிக்கு மேற்பட்ட பேரெண்களுக்குப் பழைய பெயர்ப் பட்டியல்கள் பல உலவுகின்றன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. "கோடி கோடி" என்றால் யாருக்கும் குழப்பம் வராது.

ஒவ்வொரு முறையும் இதை எழுதிக்கொண்டிருக்க முடியாது. இனி "நம் எண்" என்றே சொல்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது?

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஓர் அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என ஒவ்வொரு கட்டத்திலும் இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களிலும் சேரும் மொத்த அரிசிதான் நம் எண். சுருக்கமாக எழுதினால் 2⁶⁴ − 1.

அந்த "கழித்தல் ஒன்று" ஏன் என்று கேட்பவர்களுக்கு பெருக்குத் தொடரின் சூத்திரத்தைச் சொல்வதைவிட இப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்கும். வெளியிலிருந்து ஒரே ஓர் அரிசியைக் கொண்டுவந்து முதல் கட்டத்தில் போடுங்கள். அங்கே 2 ஆகிறது. அந்த இரண்டையும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளினால் அங்கே 2 + 2 = 4. அதை அப்படியே மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளினால் 8. இப்படியே தள்ளிக்கொண்டு போனால் கடைசிக் கட்டத்தில் எல்லாம் சேர்ந்து சரியாக 2⁶⁴ அரிசி நிற்கும். கொண்டுவந்த அரிசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் 2⁶⁴ − 1.

கதையை 13ஆம் நூற்றாண்டில் இப்ன் கல்லிக்கான் அரபு மொழியில் எழுதிவைத்தார். அதற்கும் முன்பே, ஏறக்குறைய 1000ஆம் ஆண்டில், அல்-பிரூனி இந்தக் கூட்டுத்தொகையைக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். கேரளத்தின் அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயிலில் பால்பாயசம் வழங்குவதற்குச் சொல்லப்படும் தலபுராணமும் இதே கணக்குதான்: முனிவர் வேடத்தில் வந்த கிருஷ்ணன் சதுரங்கத்தில் ராஜாவை வென்று, பந்தயப் பொருளாக இந்த அரிசியைக் கேட்டாராம்.

அவ்வளவு அரிசி எவ்வளவு எடை இருக்கும்?

ஓர் அரிசியின் எடை 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 36,900 கோடி டன். உலகம் முழுவதும் இப்போது ஓராண்டில் விளையும் அரிசி ஏறத்தாழ 50 கோடி டன்னைச் சற்றுத் தாண்டும். ஆக, எழுநூறு ஆண்டு விளைச்சல். சீரகச் சம்பா என்றால் இன்னும் குறையும்.

பலகையின் முதல் பாதியில், அதாவது 32 கட்டங்களில், சேர்வது வெறும் 86 டன்தான். ஒரு நெல் வியாபாரியால் கொடுத்துவிட முடியும். ராஜா மாட்டிக்கொள்வது இரண்டாம் பாதியில்.

கணிப்பான் இல்லாமல் இதைக் கண்டுபிடிக்க முடியுமா?

ஒரு தாளும் பேனாவும் போதும். 64 முறை இரட்டிக்க வேண்டியதில்லை. ஆறு முறை வர்க்கப்படுத்தினால் வந்துவிடும்: 2, 4, 16, 256, 65536, 4294967296. ஐந்து வர்க்கங்கள் முடிந்துவிட்டன, இன்னும் ஒன்றுதான் பாக்கி. 4294967296ஐ 42949 என்றும் 67296 என்றும் இரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள்.

42949² = 1844616601
2 × 42949 × 67296 = 5780591808
67296² = 4528751616

முதல் விடைக்குப் பின்னால் பத்து பூஜ்யம், இரண்டாவதற்குப் பின்னால் ஐந்து பூஜ்யம் சேர்த்து மூன்றையும் கூட்டுங்கள்:

18446166010000000000
+ 578059180800000
+ 4528751616
= 18446744073709551616

ஒன்றைக் கழித்தால் நம் எண். வகுப்பில் இதை ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்டினால், (அ + ஆ)² சூத்திரம் எதற்குப் பயன்படும் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

இது பகா எண்ணா?

இல்லை. 5இல் முடிகிறது என்பதிலேயே அது தெரிந்துவிடுகிறது. ஆனால் "இல்லை" என்ற விடையோடு நிறுத்திக்கொண்டால் நல்ல பகுதியை இழந்துவிடுவோம்.

அ² − 1 = (அ − 1)(அ + 1) என்பது பள்ளிப் பாடம். நம் எண் 4294967296இன் வர்க்கத்தைவிட ஒன்று குறைவு. எனவே அது (2³² − 1) × (2³² + 1). இதில் 2³² − 1 என்பதும் ஒரு வர்க்கத்தைவிட ஒன்று குறைவானதே, அதையும் உடைக்கலாம். உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் மிஞ்சுவது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

2, 4, 16, 256, 65536, 4294967296 ஆகிய நம் பழைய வர்க்க வரிசையில் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டியவை இவை. இவற்றுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். 3ஐப் பூஜ்யமாவது ஃபெர்மா எண் என்று எண்ணத் தொடங்குவது வழக்கம். அந்தக் கணக்கில் 4294967297 ஐந்தாவது. பிரான்சின் பியேர் த ஃபெர்மா, இந்த வரிசையில் வருவன எல்லாம் பகா எண்களே என்று 1640இல் நம்பினார். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள்தான். அடுத்ததிலேயே நம்பிக்கை உடைந்தது: 4294967297 = 641 × 6700417.

ஆக, நம் எண்ணின் முழுப் பகாக் காரணிப்படுத்தல்:

3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. எதுவும் திரும்ப வராததற்குக் காரணம் உண்டு. எந்த ஃபெர்மா எண்ணை எடுத்தாலும், அதற்கு முந்தைய ஃபெர்மா எண்கள் அனைத்தையும் பெருக்கி 2ஐக் கூட்டினால் அதுவே வரும்: 3 × 5 + 2 = 17, 3 × 5 × 17 + 2 = 257. எனவே இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுவான காரணி இருந்தால் அது 2ஐயும் வகுக்க வேண்டும். எல்லாம் ஒற்றை எண்கள் என்பதால் அது நடக்காது. முடிவில்லாத வரிசை, எந்த இரண்டுக்கும் பொதுக் காரணி கிடையாது. அப்படியானால் பகா எண்களும் முடிவில்லாமல் இருந்தாக வேண்டும். 1730இல் கணிதவியலாளர் கோல்ட்பாக் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இந்த நிறுவல் இருக்கிறது. யூக்ளிடின் நிறுவலைவிட இது எனக்கு அழகாகப் படுகிறது.

641ஐ எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

லியோனார்டு ஆய்லர் 1732இல் கண்டுபிடித்தார். 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. 4294967297ஐ ஒரு பகா எண் வகுக்குமானால், அது 64இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகத்தான் இருக்க முடியும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று போகும் அந்த வரிசையில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. ஐந்தாவது முயற்சியில் பிடிபட்டுவிடுகிறது.

வகுத்தே பார்க்காமல் 641 வகுக்கும் என்று காட்டவும் வழி உண்டு. 641ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

641ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் பார்ப்போம். முதல் வரியின்படி 5 × 2⁷ என்பதும் −1 என்பதும் ஒரே மீதி தருபவை. இரண்டையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸ என்பதும் 1 என்பதும் ஒரே மீதி. இரண்டாம் வரியின்படி 5⁴க்குப் பதிலாக −2⁴ஐப் போடலாம். போட்டால் −2³² என்பதும் 1 என்பதும் ஒரே மீதி என்றாகிறது. அதாவது 2³² + 1ஐ 641ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். நான்கே வரி, பத்தாம் வகுப்பு மாணவருக்கும் எட்டக்கூடியது.

ஃபெர்மா எப்படித் தவறவிட்டார் என்பதுதான் புதிர். பகா எண்களைச் சோதிக்க அவர் பெயராலேயே ஒரு தேற்றம் இருக்கிறது. 2ஐ அடிமானமாக வைத்து அந்தச் சோதனையை நடத்தினால் 4294967297 பகா எண்ணைப் போலவே நடித்துத் தப்பிவிடும். 3ஐ வைத்திருந்தால் அகப்பட்டிருக்கும்.

நம் எண்ணோடு 2ஐக் கூட்டினால் என்ன ஆகும்?

மேலே சொன்ன விதியின்படி அது அடுத்த ஃபெர்மா எண், அதாவது ஆறாவது: 18446744073709551617. அதுவும் பகா எண் இல்லை. 274177 × 67280421310721. பிரான்சைச் சேர்ந்த ஃபோர்ச்சுனே லாந்திரி 1880இல் இதைக் காரணிப்படுத்தி வெளியிட்டபோது அவருக்கு வயது 82. எல்லாம் கையால் போட்ட கணக்கு.

அதற்குப் பின் வந்த ஃபெர்மா எண்களிலும் இதுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை. ஐந்தாவது முதல் 32ஆவது வரை எல்லாமே பகு எண்கள் என்று தெரியும். முதல் ஐந்தைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கணிதத்தில் அரிது.

பக்கத்தில் பகா எண்களே இல்லையா?

உண்டு. நம் எண்ணுக்குக் கீழே முதலில் வருவது 18446744073709551557. மேலே முதலில் வருவது 18446744073709551629. இடைவெளி 72. இந்த அளவிலான எண்களிடையே பகா எண்களின் சராசரி இடைவெளி 44 என்பதால் இது பெரிய அதிசயமில்லை.

2இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டுமே அதற்கு வாய்ப்பு. 64 பகு எண் என்பதால் நம் எண்ணுக்கு அந்த வாய்ப்பு தொடக்கத்திலேயே போய்விட்டது. நம் எண்ணுக்குக் கீழே உள்ள மிகப் பெரிய மெர்சென் பகா எண் 2⁶¹ − 1. அதைப் பகா எண் என்று 1883இல் காட்டியவர் இவான் பெர்வூஷின் என்ற ரஷ்யப் பாதிரியார்.

மொத்தம் எத்தனை வகுத்திகள்?

128. ஏழு பகாக் காரணிகளில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் 2⁷. நம் எண்ணைத் தவிர்த்து மற்ற வகுத்திகளை எல்லாம் கூட்டினாலும் நம் எண்ணின் 70 சதவீதம்தான் தேறும். சரியாக அந்த எண்ணே வந்தால்தான் நிறை எண். எனவே இது நிறை எண் இல்லை, குறைவெண்.

வடிவியலோடு இதற்குத் தொடர்பு உண்டு என்கிறார்களே?

நம் எண்ணின் ஒரு துண்டுக்கு உண்டு. 1796 மார்ச்சில், 19 வயது நிரம்புவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் ஒன்றைக் கண்டுபிடித்தார்: 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணத்தை அளவுகோடு இல்லாத கோலும் கவராயமும் மட்டும் வைத்து வரைய முடியும். கிரேக்கர் காலத்திலிருந்து இரண்டாயிரம் ஆண்டுகளாக யாருக்கும் தெரியாத விஷயம். பிறகு பொது விதியும் கிடைத்தது. பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றை எண்ணாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கமாக இருக்க வேண்டும். அப்படி இல்லாவிட்டால் முடியாது என்ற மறுபக்கத்தை வான்ட்செல் 1837இல் நிறுவினார்.

நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் ஐந்து மட்டுமே. அவற்றை வெவ்வேறு விதமாகச் சேர்த்துப் பெருக்கினால் 31 எண்கள் வரும். ஐந்தையும் பெருக்கினால் வருவது 4294967295, அதாவது 2³² − 1: நம் எண்ணை முதன்முதலில் உடைத்தபோது வந்த இரண்டு துண்டுகளில் சின்னது. வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த ஒற்றைப் பக்கப் பலகோணங்களில் இதுவே மிகப் பெரியது. இதைப் பூமத்திய ரேகை அளவு வட்டத்துக்குள் வரைந்தால் ஒரு பக்கத்தின் நீளம் 9.3 மில்லிமீட்டர்தான் இருக்கும்.

நம் எண்ணின் அளவுக்குப் பக்கங்கள் கொண்ட பலகோணத்தை வரைய முடியாது. 641உம் 6700417உம் ஃபெர்மா பகா எண்கள் இல்லை. ஃபெர்மாவின் நம்பிக்கை உடைந்த அதே இடத்தில் கவராயமும் நின்றுவிடுகிறது.

இவ்வளவு பெரிய பலகோணத்தை எல்லாம் யார் வரையப்போகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். 65537 பக்கப் பலகோணத்துக்கான வழிமுறையை எழுதி முடிக்க ஜெர்மனியின் ஹெர்மஸ் பத்து ஆண்டுகள் செலவிட்டார். 1894இல் முடிந்த அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முழுக்கச் சரிபார்க்கும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும் என்பது வேறு விஷயம்.

பாஸ்கல் முக்கோணத்தில் நம் எண் ஒளிந்திருக்கிறதாமே?

ஆமாம், அதுவும் பலகோண எண்களோடு சேர்ந்தே. பாஸ்கலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, பிங்கலரின் யாப்பு நூலுக்கு உரை எழுதிய ஹலாயுதர் 10ஆம் நூற்றாண்டில் மேரு பிரஸ்தாரம் என்று விளக்கியது இதே முக்கோணத்தைத்தான். வரிகள் 1, 1 1, 1 2 1, 1 3 3 1, 1 4 6 4 1 என்று போகும். இதில் ஒற்றை எண் உள்ள இடத்தில் 1, இரட்டை எண் உள்ள இடத்தில் 0 என்று மாற்றுங்கள்:

1
11
101
1111
10001
110011

இவற்றை இரும எண்களாக, அதாவது 0, 1 மட்டும் கொண்டு எழுதிய எண்களாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51. அடுத்தவை 85, 255, 257. முதல் வரியின் 1ஐ விட்டுவிட்டால், 32ஆம் வரி வரை வரும் 31 எண்களும் மேலே சொன்ன அதே 31 பலகோண எண்கள்! 33ஆம் வரியில் 4294967297 வந்து ஒழுங்கைக் கெடுக்கிறது. 64ஆம் வரியில் உள்ள 64 எண்களும் ஒற்றை எண்கள். எனவே அந்த வரி 64 ஒன்றுகளாக மாறும். அதுதான் நம் எண்.

இதை வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா?

மூன்று வர்க்கங்கள் போதாது. எந்த வர்க்கத்தையும் 8ஆல் வகுத்தால் மீதி 0, 1 அல்லது 4தான் வரும். இவற்றில் மூன்றைக் கூட்டி 7ஐக் கொண்டுவர முடியாது. நம் எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 7. நான்கு வர்க்கங்கள் இருந்தால் எந்த எண்ணையும் எழுதலாம் என்று லாக்ராஞ்ச் 1770இல் நிறுவியிருப்பதால் நமக்கு நான்கு தேவை. கழித்தல் என்றால் சுலபம்: 4294967296² − 1². வர்க்க வித்தியாசமாக இதைப் போல மொத்தம் 64 விதங்களில் எழுதலாம். பலகையின் கட்டங்களும் 64 என்பது வெறும் தற்செயல்.

இது முக்கோண எண்ணா? இதில் ராமானுஜன் எப்படி வருகிறார்?

1, 3, 6, 10, 15 என்று 1 முதல் வரிசையாகக் கூட்டி வருபவை முக்கோண எண்கள். இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போது ராமானுஜன் தாமாகவே உள்ளே வந்துவிடுகிறார்.

ஓர் எண் முக்கோண எண் என்றால், அதை 8ஆல் பெருக்கி 1ஐக் கூட்டினால் வர்க்கம் வர வேண்டும். 15ஐப் பாருங்கள்: 15 × 8 + 1 = 121 = 11². நம் எண்ணை 8ஆல் பெருக்கினால் 2⁶⁷ − 8. ஒன்றைக் கூட்டினால் 2⁶⁷ − 7. ஆகக் கேள்வி இப்படி மாறுகிறது: 2⁶⁷இலிருந்து 7ஐக் கழித்தால் வர்க்கம் வருமா?

1913இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு கணக்கு வைத்தார். 2இன் அடுக்கிலிருந்து 7ஐக் கழித்தால் வர்க்கம் வருவது அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது. வேறு விடைகள் உண்டா என்பது கேள்வி. அந்த ஐந்தில் வரும் வர்க்கங்கள் 1, 9, 25, 121, 32761. கடைசியானது 181இன் வர்க்கம். வேறு விடையே கிடையாது என்று நார்வேயின் டிரிக்வே நாகெல் 1948இல் நிறுவினார். 67 அந்தப் பட்டியலில் இல்லை. எனவே நம் எண் முக்கோண எண் அல்ல.

2இன் அடுக்குக்கு ஒன்று குறைவாகவும் முக்கோண எண்ணாகவும் இருப்பவை 0, 1, 3, 15, 4095 மட்டும்தான் என்பதும் இதே தேற்றத்திலிருந்து கிடைக்கிறது. சதுரங்கப் பலகையில் சொன்னால், 12 கட்டம் வரை அரிசி வைத்தால் அதை ஒரு முக்கோணமாக அடுக்கலாம்: அடிவரிசையில் 90, மேலே ஒன்று. 13ஆவது கட்டத்துக்குப் பிறகு எங்கே நிறுத்தினாலும் அது நடக்காது.

ஹனோய் கோபுரத்திலும் இதே எண்தானா?

ஆம். மூன்று கம்பங்கள், ஒன்றில் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய 64 வட்டுகள். ஒரு நேரத்தில் ஒரு வட்டு, சிறியதன் மேல் பெரியது கூடாது. எல்லாவற்றையும் வேறு கம்பத்துக்கு மாற்றக் குறைந்தது 2⁶⁴ − 1 நகர்த்தல்கள் தேவை. புதிரை 1883இல் வெளியிட்டவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா. காசியில் ஒரு கோயிலில் அர்ச்சகர்கள் பொன் வட்டுகளை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் உலகம் அழியும் என்பது விளம்பரத்துக்காகக் கட்டிய கதை. நொடிக்கு ஒன்றாக நகர்த்தினாலும் சுமார் 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்.

கணினிக்கு இந்த எண் ஏன் முக்கியம்?

கணினி எண்களைப் பிட் எனப்படும் 0, 1 இலக்கங்களால் எழுதுகிறது. 64 பிட்டுகளும் 1 ஆக இருந்தால் கிடைப்பது நம் எண். குறியில்லாத, அதாவது எதிர்ம மதிப்புக்கு இடமில்லாத 64 பிட் முழு எண்ணின் உச்சவரம்பு இதுவே. இதோடு ஒன்றைக் கூட்டினால், பழைய ஸ்கூட்டரின் ஓடோமீட்டர் 99999ஐத் தாண்டியதும் 00000 காட்டுவது போல, பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். குறியுள்ள எண்ணாக வாசித்தால் அதே 64 ஒன்றுகளின் மதிப்பு −1. நிரலில் எங்கோ இந்த இருபது இலக்கம் தலைகாட்டினால், யாரோ −1ஐத் தவறான வகையில் வாசித்துவிட்டார்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

இந்த எல்லையை மீறியதால் நடந்த கூத்து ஒன்று பதிவாகியிருக்கிறது. 2010 ஆகஸ்ட் 15 அன்று பிட்காயின் வலையமைப்பில் ஒரு பரிமாற்றம் இரண்டு முகவரிகளுக்குத் தலா 92,233,720,368.54277039 பிட்காயின் அனுப்பியது. மொத்தமாகவே 2.1 கோடி பிட்காயினுக்கு மேல் உருவாகக் கூடாது என்பது விதி. ஒரு பிட்காயின் பத்துக் கோடி சதோஷி. அந்தச் சிற்றலகில் இரண்டு தொகைகளையும் கூட்டினால் 18446744073708554078. நம் எண்ணைவிட 9,97,537 மட்டுமே குறைவு! சரிபார்க்கும் நிரல் குறியுள்ள 64 பிட் எண்களில் கூட்டியதால் கூட்டுத்தொகை சுருண்டு ஒரு சிறிய எதிர்ம எண்ணாகிவிட்டது; தொகை மிகவில்லை என்று நிரல் நம்பி அனுமதித்தது. சில மணி நேரத்தில் திருத்தம் வெளியாகி, அந்தப் பரிமாற்றம் செல்லாததாக்கப்பட்டது.

என் கணினியில் இந்த எண்ணை அடித்தால் வேறு எண் காட்டுகிறதே?

எக்செல் முதல் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பூஜ்யமாக்கிவிடும்: 18446744073709500000. ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண்ணாக அடித்தால் 18446744073709552000 என்று வரும். அங்கே எண்கள் 53 பிட் துல்லியத்தோடு சேமிக்கப்படுகின்றன. இந்த அளவில், அடுத்தடுத்துச் சேமிக்கக்கூடிய எண்களுக்கிடையே 2048 இடைவெளி இருக்கிறது. நம் எண் பக்கத்திலுள்ள 2⁶⁴க்கு நகர்ந்துவிடுகிறது. பைத்தானில் முழு எண்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கடைசி இலக்கம் வரை சரியாக வரும். வங்கிக் கணக்கு எண், அடையாள எண் போன்றவற்றை எக்செல்லில் எழுத்து வடிவில் வைக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

2ஐ மட்டுமே பெருக்கி வந்த எண்ணில் 2 என்ற இலக்கமே இல்லையே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். 0, 1, 3, 4, 5, 6, 7, 8, 9 எல்லாம் இருக்கின்றன. 2 மட்டும் இல்லை. இதற்கு ஆழமான காரணம் எதுவும் கிடையாது. இருபது இலக்கங்களை மனம்போனபடி எழுதினால் ஒரு குறிப்பிட்ட இலக்கம் வராமலே போக 12 சதவீத வாய்ப்பு உண்டு. கணித வினாடி வினா நடத்துபவர்களுக்கு வேண்டுமானால் உதவும்.

நம் எண் அளவுக்கு நாட்கள் கழிந்தால் அன்று என்ன கிழமை?

நாளைக்கு வரும் கிழமைதான். 2³ = 8; அதை 7ஆல் வகுத்தால் மீதி 1. எனவே அடுக்கில் மும்மூன்றாகக் கழித்துக்கொண்டே போகலாம்; மீதி மாறாது. 64இலிருந்து 63ஐக் கழித்தால் 1. ஆகவே 2⁶⁴ஐ 7ஆல் வகுத்தால் மீதி 2. நம் எண்ணுக்கு மீதி 1. இன்று திங்கள் என்றால் அன்று செவ்வாய்.